பச்சன்னிக்கு மெட்டுப் போடுவது எப்படி?

எங்கள் அப்பா ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். திருவிழா சீசனில் மேலூர், சிவகங்கை, திருப்பத்தூர்ப் பக்கமெல்லாம் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' என்று ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடிந்துதான் எழுந்திருப்பார். நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மதுரை செல்லூரில் வீட்டு மாடியில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மாயக்கதைப் புத்தகங்களில் வரும் பாட்டுகளுக்கு மெட்டுப் போடும் வேலையை என் தலையில் கட்டியவன் என் அண்ணன் மகன்.

ஒன்பதாம் வகுப்பு லீவில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தோடு வந்தான். டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. 1954, 1955 இரண்டு வருடத்தில் மூன்று பாகமாக வந்த கதை. "அத்தை, இதுல திரும்புற பக்கமெல்லாம் பாட்டா இருக்கு. என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் பாட்டு வந்தா தாண்டிப் போயிடுறானுங்க. நீங்க பாடிக் காட்டுங்க" என்றான். புரட்டினேன். வரிகள் மட்டும்தான் இருந்தன, ஸ்வரம் ஒன்றும் கிடையாது. "பாட்டுன்னு சொல்லிட்டு மெட்ட முழுங்கிட்டாரேடா" என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது, எட்டு வருடமாக நடக்கிறது. இதையே செய்து பார்க்க ஆசைப்படும் பாட்டு டீச்சர்களும் வீட்டில் ஆர்மோனியமோ கீபோர்டோ வைத்திருப்பவர்களும் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

எல்லாரும் முதலில் கேட்பது "இதுக்கு என்ன ராகம் டீச்சர்?" என்றுதான். அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது வேறு: கதைக்குள் இந்தப் பாட்டை யார் பாடுகிறார்கள், பாடும்போது அவர்கள் கையும் காலும் என்ன செய்துகொண்டிருக்கின்றன? நம் ஊரில் நாற்று நட ஒரு பாட்டு, ஏற்றம் இறைக்க ஒரு பாட்டு, தொட்டில் ஆட்ட ஒன்று, மாரடித்து அழ ஒன்று, ராத்திரியில் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டு போக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அந்தக் கை வேலையே தாளம். கதையில் வரும் ஆள் நடக்கிறானா, அழுகிறானா, சுத்தியல் அடிக்கிறானா என்று தெரிந்துவிட்டால் பாதி மெட்டு வந்த மாதிரி. "பாட்டு வாயில இல்லம்மா, கையில இருக்கு" என்று அப்பா சொல்வார். ஆர்மோனியத்தின் துருத்தியைத் தள்ளிக்கொண்டே சொல்வார்.

இது மதுரைப் பழக்கம் மட்டும் இல்லை. டொனால்ட் ஸ்வான் என்கிற இங்கிலீஷ் இசையமைப்பாளர் டோல்கீனின் பாட்டுகளில் ஆறை எடுத்து பியானோவுக்கு மெட்டுப் போட்டு அவரிடமே வாசித்துக் காட்டியிருக்கிறார். ஐந்து அவருக்குப் பிடித்தது. ஆறாவது, எல்ஃப் அரசி கலாட்ரியேல் விடைகொடுத்துப் பாடும் 'நமாரியே'. அது இப்படி இருக்காது என்று சொல்லிவிட்டு, கிறிஸ்தவ மடங்களில் ஓதும் கிரகோரியன் முறையில் டோல்கீன் தானே முணுமுணுத்துக் காட்டினார். ஸ்வான் அதையே வாங்கிக்கொண்டார். 1967-ல் அந்தப் பாட்டுகள் புத்தகமாகவும் இசைத்தட்டாகவும் வந்தன. எனக்கு இதைக் கேட்டதும் மீனாட்சி கோயில் ஓதுவார் ஞாபகம்தான். படகு விலகிப் போகிறது, அரசி நின்ற இடத்தில் நிற்கிறாள், கையில் வேலை இல்லை. அப்புறம் தாளம் எதற்கு? அது விருத்தம். தாளம் இல்லாமல், மூச்சு போகிற வரைக்கும் ஒரு வரி, அவ்வளவுதான். நான் அதை முகாரியில் விருத்தமாகச் சொல்லிக்கொடுத்தேன். மிருதங்கப் பையனை அந்த ஒரு பாட்டுக்குச் சும்மா உட்காரவைக்கப் பட்ட பாடுதான் பெரும்பாடு.

டென்மார்க்கில் 1995-ல் தொடங்கிய 'தி டோல்கீன் என்சாம்பிள்' குழுவினர் அந்தக் கதையில் உள்ள எல்லாப் பாட்டுக்கும் இசையமைத்து, 1997 முதல் 2005 வரை நான்கு ஆல்பமாகப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் மெட்டுப் போட்டு முடித்த பிறகு கேளுங்கள். முன்னாடி கேட்டால் அந்த மெட்டு காதில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். குள்ளர்கள் பாட்டில் எனக்கு அந்த ஆபத்து வந்தது. அண்ணன் மகன் 2012-ல் வந்த 'தி ஹாபிட்' படத்தின் பாட்டை விசிலடித்துக்கொண்டே திரிந்தான். பாட்டு முடியும்வரை மாடிப்படி ஏறக் கூடாதென்று சொல்லிவிட்டேன்.

அந்தக் குள்ளர்கள் பாட்டில்தான் நான் வழுக்கி விழுந்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். 1937-ல் வந்த டோல்கீனின் 'தி ஹாபிட்' கதையில் பதின்மூன்று குள்ளர்கள் பில்போ வீட்டில் சாப்பிட்டுவிட்டு, இருட்டில் அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து பாடுகிறார்கள். வாத்தியம் எல்லாம் கைவசம்: இரண்டு பேரிடம் ஃபிடில், மூன்று பேரிடம் புல்லாங்குழல், பாம்பரிடம் டிரம், இரண்டு பேரிடம் கிளாரினெட், தலைவன் தோரினிடம் தங்க யாழ். கிளாரினெட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். நம் கல்யாண பேண்டு செட்டிலேயே ஆள் இருக்கிறதே! விருந்து வீடு, வாத்தியக் கச்சேரி என்று நினைத்து, மோகனத்தில் துள்ளலாகப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் ஜோராகப் பாடின. அண்ணன் மகன் சுவரில் சாய்ந்து கேட்டுவிட்டுச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கத்தை. ஆனா இவங்க ஊரையும் வீட்டையும் டிராகன்கிட்ட பறிகுடுத்தவங்க. நீங்க ஆண்டுவிழா வரவேற்புப் பாட்டு மாதிரி பண்ணிட்டீங்க."

சுருக்கென்றது. வரிகளைத் திரும்பப் படித்தேன். உள்ளே பட்டறை இருக்கிறது, சுத்தியல் விழுகிறது, மணி மாதிரி ஒலிக்கிறது என்று எழுதியிருக்கிறார். கையில் வாத்தியம் இருந்தாலும் நினைப்பில் சம்மட்டிதான். அப்பாவின் ஊரில் இரும்புப் பட்டறையில் பார்த்திருக்கிறேன்: ஒரு பெரிய அடி, இரண்டு சின்ன அடி, ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் இரும்பைத் திருப்பிப் போடுவார்கள். அந்த நான்கையே தாளமாக வைத்து, ராகத்தை நாதநாமக்கிரியைக்கு மாற்றினேன். இந்த ராகத்தில் ஒரு சவுகரியம் உண்டு. கீழ் நிஷாதத்தில், அதாவது கீழ் 'நி'யில் தொடங்கி மேலே நடு நிஷாதத்தோடு நின்றுவிடும், மேல் ஸட்ஜத்தை, அந்த மேல் 'ஸ'வைத் தொடாது. குரல் உடைந்துகொண்டிருக்கும் பையன்களுக்கு இதைவிட நல்ல ராகம் கிடையாது. ஒரு கட்டை சுருதியில் வைத்து எட்டுப் பையன்களைப் பாடவிட்டேன். கீழ் வீட்டு அம்மா மேலே வந்து "யாருக்கு என்னாச்சு டீச்சர்?" என்று கேட்டார். சரியாக வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

இனி வார்த்தை. இங்கிலீஷ் பாட்டை அப்படியே மெட்டுக்குள் வைப்பதானால் ஒரு கணக்கு தெரிய வேண்டும். அவர்கள் வரி பெரும்பாலும் மெல்லிய அசையில் தொடங்கி இரண்டாவது அசையில்தான் அழுத்தும். அந்த அழுத்தத்தைத் தாளத்தின் சமத்தில், அதாவது முதல் தட்டில் வைத்தால், முதல் அசை தாளத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். நம் பாஷையில் அதீத எடுப்பு. சமத்தில் முதல் அசையை வைத்துப் பாடினால் பிள்ளைகள் இங்கிலீஷ் ரைம்ஸ் ஒப்பிக்கிற மாதிரியே இருக்கும், வார்த்தை நொண்டும்.

தமிழில் எழுதிக்கொள்வதானால் வேறு விஷயம். அவர்களுக்கு ஒலி ஒற்றுமை வரியின் வாலில் இருக்கிறது, நமக்குத் தலையில். முதலெழுத்து மோனை, இரண்டாம் எழுத்து எதுகை. வாலைப் பிடித்து மொழிபெயர்த்தால் 'வந்தானே, சென்றானே, நின்றானே' என்று அழுதுவடியும். வரியின் முதல் சீரை எதுகையால் கட்டுங்கள், வால் தானாக ஒழுங்குக்கு வரும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். ரோகன் நாட்டுக் குதிரை வீரர்களுக்கு அவர் எழுதிய சில பாட்டுகள் அந்தப் பழைய முறையில் இருக்கும்: வரியை நடுவில் இரண்டாக வெட்டி, இரண்டு பாதியையும் ஒரே முதலொலியால் முடிச்சுப் போடுவது. அது அச்சு அசல் நம் மோனை. அந்தப் பாட்டுகள் தமிழுக்குள் வரும்போது ஊருக்குத் திரும்பி வருகிற மாதிரி வரும். குதிரை எங்கே, வீரன் எங்கே என்று கேட்டுப் புலம்பும் பாட்டைச் சொல்லிக்கொடுத்த அன்று, பாரி மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டையும் பக்கத்தில் வைத்தேன். நிலா அதே நிலா, குன்று இல்லை, அப்பா இல்லை. பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

நீளமான கதைப் பாட்டு வந்தால் மிரள வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையை விட்டு இறங்கி வைகைக்கு வரும் கதையை வர்ணிப்பாகப் பாடுகிறார்களே, அதைப் போய்க் கேளுங்கள். இரண்டே வரி மெட்டு திரும்பத் திரும்ப வரும். ஆனால் எங்கே மூச்சு எடுப்பது, எங்கே குரலை உயர்த்திக் கூட்டத்தை நிமிர்ந்து பார்க்க வைப்பது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எயாரென்டில் என்ற மாலுமி கப்பலேறிப் போன கதையை நான் இந்த வர்ணிப்பு நடையில்தான் வைத்திருக்கிறேன். கப்பல் வந்தால் என்ன, தங்கக் குதிரை வந்தால் என்ன, போய்ச் சேருகிற கதைதானே.

இப்போது ஒரு பாட்டை முழுசாகப் பிரித்துக் காட்டுகிறேன். லூயிஸ் கரோல் 1871-ல் வெளியிட்ட இரண்டாவது ஆலிஸ் கதையில் 'ஜாபர்வாக்கி' என்று ஒரு பாட்டு. ஒரு பையன் வாளோடு போய் ஒரு பூதத்தை வெட்டிவிட்டு வருகிறான், கதை அவ்வளவுதான். ஆனால் பாதி வார்த்தைகள் அகராதியிலேயே கிடையாது, அவரே செய்தவை. அதே கதையில் ஹம்டி டம்டி என்ற முட்டை மனிதன் ஆலிஸுக்கு அர்த்தம் சொல்வான். 'பிரில்லிக்' என்றால் சாயங்காலம் நாலு மணி, ராச் சாப்பாட்டுக்கு வாட்டி வதக்க ஆரம்பிக்கும் நேரம். 'ஸ்லைதி' என்றால் வழுவழுப்பும் நெளிவும் சேர்ந்தது. இரண்டு வார்த்தையை ஒரே பெட்டிக்குள் அடைத்த மாதிரி என்பான்.

இதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிப் பாடினால் பிரயோஜனம் இல்லை. நாமும் பெட்டி செய்ய வேண்டும். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஹம்டி டம்டி சொன்ன அர்த்தத்தை மட்டும் சொன்னேன். வார்த்தையை அவர்களே செய்தார்கள். நாலு மணிக்கு மதுரையில் என்ன நடக்கும்? தெருமுனையில் வடைச்சட்டி காயும். பொரிக்கிற நாழிகை: 'பொரிநாழி'. வழுவழு, நெளிநெளி: 'வழுநெளி'. 'டோவ்' என்பது கொஞ்சம் பல்லி, ஓணான் ஜாதி: 'தோணான்'. சுற்றிக்கொண்டே துளை போடுவது: 'சுத்துளைக்கும்'. நொந்து அழுதால் 'நொழும்'. 'ராத்' என்றால் பச்சை நிறப் பன்றியாம். ஒரு வாண்டு கையைத் தூக்கி "பச்சன்னி!" என்றது, மாடியே அதிர்ந்தது. வீட்டைத் தொலைத்தது 'வீட்டொலஞ்சு'. கடைசியில் அந்தப் பன்றி போடும் சத்தம், கத்தலுக்கும் விசிலுக்கும் நடுவில், இடையே ஒரு தும்மலோடு: 'கத்தும்மும்'. ஒட்டடைக் குச்சி மாதிரி சிறகு சிலிர்த்த குருவிக்குத் துடைப்பாங்குருவி என்று பெயர் வைத்தோம், அது கொஞ்சம் சுமார்தான்.

யார் பாடுகிறார்கள்? முதல் பத்தியில் மனிதர்களே இல்லை, ஜந்துக்கள் புல்வெளியில் சுற்றிச் சுற்றி வருகின்றன. சுற்றி வருவது என்றால் கும்மி. வேறு யோசிக்கவே வேண்டாம்.

பொரிநாழி வந்தது வழுநெளித் தோணான்
புல்லுக் கொல்லையில் சுத்துளைக்கும்
பரிதாப மாய்நொழும் துடைப்பாங் குருவி
பச்சன்னி வீட்டொலஞ்சு கத்தும்மும்

'பொரி'க்கு 'பரி' எதுகை. 'பொ'வுக்கு 'பு' மோனை, 'ப'வுக்கு 'ப'. அர்த்தம் தலைகீழாக நின்றாலும் இந்தக் கட்டு சரியாக இருந்தால் காது ஒப்புக்கொள்ளும். கேட்பவர் "ஏதோ பழைய பாட்டு போலிருக்கே" என்பார். கட்டும் இல்லாமல் அர்த்தமும் இல்லாமல் போனால் அது வெறும் உளறல். முதல் வரியில் நான்கு சீர், அடுத்ததில் மூன்று, ஆக ஏழு. எட்டாவது இடத்தில் வார்த்தை கிடையாது, கடைசிச் சீரை இழுத்துக் கையைத் தட்ட வேண்டும். பாடுவது ஏழு, எண்ணுவது எட்டு. நடை தகிட தகிட. ஸ்வரம் ஸ முதல் ப வரைக்கும் போதும், சங்கராபரணத்தின் கீழ்ப்பாதி. சுற்றி ஆடிக்கொண்டே பாடுகிற பிள்ளைகளை அதற்கு மேல் ஏற்றினால் மூச்சு வாங்கும்.

இரண்டாம் பத்தியில் அப்பா மகனை எச்சரிக்கிறார். இங்கே கும்மியை நிறுத்திவிடுங்கள். அப்பாவின் கை மகன் தோளில் இருக்கிறது. நான் அதை ஸ்பெஷல் நாடகத்து ராஜபார்ட் மாதிரி ஆர்மோனியத்தை நிறுத்தி, ஒரு வரி வசனம் ஒரு வரி பாட்டாக வைத்தேன். பூதம் வரும்போது ஆல்ரவுண்ட் ஆள் கையில் விட்டுவிடுங்கள். நாடகத்தில் ஜால்ரா, மரக்கட்டை என்று வைத்துக்கொண்டு குதிரை ஓட்டம், கத்திச் சண்டை எல்லாவற்றுக்கும் சத்தம் கொடுப்பாரே, அவர்தான். எங்களுக்கு வாய்த்தது ஒரு ஏழாம் வகுப்புப் பையன், ஒரு எவர்சில்வர் தட்டு, இரண்டு தேங்காய்ச் சிரட்டை. வாள் இறங்கும் இடத்தில் கரோலே ஒரு சத்தம் எழுதியிருக்கிறார்; நாங்கள் 'சரக்குச் சரக்கு' என்று வைத்துக்கொண்டோம்.

கடைசிப் பத்தி முதல் பத்தியேதான். ஒரு எழுத்து மாறாமல் திரும்ப வருகிறது. அவசரத்தில் முதலில் பாடிய மாதிரியே பாடிவிட வேண்டாம். பூதம் செத்துப்போனது தோணானுக்கும் தெரியாது, பச்சன்னிக்கும் தெரியாது, அவை பாட்டுக்குப் பொரிநாழியில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதே கும்மியைப் பாதி வேகத்தில், கைதட்டு இல்லாமல், தூரத்தில் கேட்கிற மாதிரி பாடவைத்தேன். என் பாட்டு வாழ்க்கையில் நானே மெச்சிக்கொள்ளும் சில இடங்களில் அது ஒன்று.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. நம் நாட்டில் எழுதியவர் இறந்து 60 வருடம் வரைக்கும் உரிமை அவர் வாரிசுகளுடையது, மொழிபெயர்ப்பு உரிமையும் அதில் சேர்த்தி. டோல்கீன் 1973-ல் காலமானார், ஆக 2033 முடிகிற வரைக்கும் பொறுக்க வேண்டும். வகுப்பில் பாடிப் பழகுவது வேறு, ரெக்கார்ட் பண்ணி யூடியூபில் ஏற்றுவது வேறு. கரோல் இறந்தது 1898-ல். அவர் பாட்டை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மெட்டுப் போட்டுப் பழக இதனாலேயே கரோலைச் சொல்வேன். வெளியே எங்கும் போக வேண்டாம் என்றால் 'அல்லி அரசாணி மாலை' இருக்கிறது. மதுரையை ஆண்ட அல்லி, அவளிடம் பாம்பாக உருமாறி வரும் அர்ச்சுனன். புதுமண்டபத்துக்குள் கடைகள் இருந்த காலத்தில் அப்பா வாங்கிய பெரிய எழுத்துப் புத்தகம் இன்னும் என்னிடம் உண்டு. இந்த மாயத்துக்கு முன்னால் டிராகன் எம்மாத்திரம் என்று அண்ணன் மகனிடம் சொன்னேன். "டிராகன் பறக்கும்ல அத்தை" என்கிறான்.

மேடை ஏறும்போது ஒரே ஒரு காரியம்: சுருதியை நீங்களே கையால் தொட்டுச் சரிபாருங்கள். ஒரு பள்ளிக்கூட விழாவில், முன்னாடி வாசித்தவர் கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸை இரண்டு ஏற்றி வைத்துவிட்டு இறங்கியிருந்தார். ஐந்து கட்டைக்குப் பழகிய பிள்ளைகள் ஆறு கட்டையில் மாட்டிக்கொண்டன. கும்மி தப்பித்தது, ஸ்வரம் குறைவு என்பதால். மற்ற பாட்டுகள் எல்லாம் வேலியில் சிக்கிய சேலைதான். அதே விழாவில் பொறுப்பில் இருந்த ஒருவர் பாட்டு வரிகளை வாங்கிப் பார்த்து, "கத்தும்மும்னா என்ன டீச்சர், கெட்ட வார்த்தை இல்லையே?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அர்த்தம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். நீங்களும் ஒரு அர்த்தப் பட்டியலைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் கத்தும்மலை மட்டும் எல்லாரையும் சேர்ந்து போட விடாதீர்கள். பதினைந்து பிள்ளைகள் ஒன்றாகத் தும்மினால் தாளம் சிதறிவிடும், சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும். ஒருவருக்குக் கொடுங்கள், எட்டாவது இடத்தில், கைதட்டுக்கு அரை நொடி முன்னால். எங்கள் தும்மல்காரி 'பச்சன்னி' என்று பெயர் வைத்த அதே வாண்டு. விழா அன்று அவளுக்கு நிஜமாகவே ஜலதோஷம். அப்பாவின் எச்சரிக்கை நடந்துகொண்டிருக்கும்போதே ஒன்று போட்டுவிட்டாள்.